சுரைக்காயில் ஒரு பங்கு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் பழமொழி. தாவரவியலில் முதுகலை முடித்து ஆராய்ச்சிக்குப் புகுந்திருக்கும் எனக்கு, அப்பழமொழியின் பொருள் காசிக்கு வந்த பிறகே விளங்கிற்று. சுரை, பீர்க்கு, பாகல் ஆகியவற்றின் குடும்ப இயல்புகளைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் சுரைப்பூ எந்த நேரத்தில் மலரும் என்று எவரேனும் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். முசிறிப் பக்கத்தில் எங்கள் அப்பத்தா மாட்டுக் கொட்டகைக் கூரையில் சுரைக்கொடி ஏற்றி வளர்த்தார். அதன் கீழேதான் நான் படித்தேன். இருந்தும் அண்ணாந்து பார்த்ததில்லை.

இவ்வாண்டு நம் தமிழ் மன்றம் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைப் பற்றி இங்கே எழுத விழைகின்றேன். கங்கைக்கு அப்பால் ராம்நகர்ப் பக்கம் இருக்கும் சிறு காய்கறித் தோட்டம் ஒன்றில் நம் மன்றம் ஐந்து பங்குகள் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மன்றத்துக்கும் சுரைக்காய்க்கும் என்ன தொடர்பு என்று நகைப்பவர்கள் இதை இறுதிவரை படித்த பின் நகைக்கட்டும்.

முதலில் அத்தோட்டத்தின் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த குத்தகை நிலம். அதில் பாடுபடுபவர்கள் கணவனும் மனைவியுமாக இருவர். நாங்கள் அவர்களைச் சாச்சா, சாச்சி என்றே அழைக்கிறோம். மாசி மாதத்தில், விதை மண்ணில் விழுமுன்னரே, உறுப்பினர் ஒவ்வொருவரும் பருவம் முழுமைக்குமான தொகையைக் கொடுத்துவிடுவர். அதற்கு ஈடாக, மார்ச்சு நடுப்பகுதியிலிருந்து சூன் முடிய 16 வாரங்கள், வாரத்துக்கு ஒரு கூடை காய்கறி கிடைக்கும். கூடையில் என்ன இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தோட்டம் எதைக் கொடுக்கிறதோ அதுதான்.

இம்முறை வேறு நாடுகளில் புதிதன்று. ஜப்பானில் 1970களில் நகரத்துக் குடும்பங்களும் உழவர்களும் நேரே கூடி ‘தெய்கெய்’ என்ற பெயரில் இதைச் செய்யலாயினர். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாசசூசெட்சு, நியூ ஹாம்ப்சயர் மாநிலங்களில் இரு பண்ணைகள் இவ்வழியில் தொடங்கின. நம் நாட்டிலும் சில நகரங்களின் ஓரத்தில் இது நடைபெறுகிறது. விதைக்கும் காலத்தில் உழவன் கடன்காரனிடம் செல்லாமல், உண்பவர்களிடமே செல்கிறான் என்பதுதான் இதன் சாரம்.

2024ஆம் ஆண்டு மாசியில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு பங்கு எடுத்தோம். பங்கின் விலை 2,400 ரூபாய். ஆளுக்கு 600. லங்காவில் வாடகை அறை, ஒரே அடுப்பு, நால்வருக்கும் நான்கு ஊர்ச் சமையல். கோடை வந்தால் சுரைக்காயும் நேனுவாவும் தவிர வேறில்லையே என்று புலம்புவது இங்குள்ள தமிழ் மாணவர் வழக்கம். நானும் அப்படிப் புலம்பியவள்தான். நேனுவா என்று இவ்வூரார் சொல்வது நம் ஊர் நுரைப்பீர்க்கு. நாம் அதை முற்றவிட்டு உடம்பு தேய்க்கும் நாராக்குகிறோம். இவர்கள் பிஞ்சாகப் பறித்துக் கடலைப் பருப்போடு வேகவைத்து உண்கிறார்கள்.

ஏப்ரல் மாதக் கூடைகள் எங்கள் புலம்பலை நிறுத்திவிட்டன. காலையில் பறித்த வெண்டைக்காயின் நுனியை ஒடித்தால் ஓசை கேட்கும். வெண்டைப் பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடுகிறது. பூத்த ஆறாம் ஏழாம் நாளில் காயைப் பறித்துவிட வேண்டும், இரண்டு நாள் தவறினால் நாரேறிவிடும். ஆகையால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோட்டத்தில் இறங்கியே தீர வேண்டும். இக்காசியில் இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே உருவான வகைகள் ‘காசி’ என்ற பெயரோடு நாடெங்கும் செல்கின்றன. சாச்சா ஒரு பாத்தியில் ‘காசி லாலிமா’ என்னும் சிவப்பு வெண்டை போட்டிருந்தார். அதன் சிவப்பு சட்டியில் வெந்ததும் மறைந்துவிட, என் அறைத் தோழி ஏமாந்து போனாள். அந்நிறமி சூட்டில் நில்லாது என்று நான் விளக்கம் கூறினேன். “அப்படியானால் பச்சையாகத் தின்போம்” என்று அவள் அடுத்த வாரம் வெள்ளரியோடு நறுக்கித் தயிரில் போட்டாள். நன்றாகவே இருந்தது.

பர்வல் என்ற காய்க்குத் தமிழ்நாட்டில் நமக்குப் பழகிய பெயரே இல்லை. கோவைக்காயைவிடச் சற்றுப் பெரியது. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதை போடாமல் கொடித்துண்டு நட்டு வளர்க்கிறார்கள். பத்துப் பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடியாவது இடையே இருக்க வேண்டும் என்று சாச்சி சொன்னார். எந்நூலையும் படியாத அவர் சொன்ன கணக்கு எங்கள் பாடநூற் கணக்கோடு ஒத்திருந்தது. பீர்க்கங்காய்த் தோலைச் சாச்சி பசுவுக்குப் போடுவார். அதில் நாங்கள் துவையல் அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதன்பின் அப்பசுவுக்குத் தோல் குறைந்துவிட்டது.

இவையெல்லாம் இன்பப் பகுதி. இனி நான் வெட்கப்படும் பகுதிக்கு வருகிறேன்.

2024 மே மாத இறுதியில் வட இந்தியாவெங்கும் வீசிய வெப்ப அலையை அப்போது இங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லூ என்னும் அனற்காற்று பகல் முழுதும் வீசிற்று. சுரை போன்ற கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கின்றன. பகல் நீண்டு வெயிலும் மிகும்போது ஆண் பூக்கள் பெருகிப் பெண் பூக்கள் அருகிவிடும். அரிதாய்த் தோன்றிய பெண் பூக்களும் பிஞ்சிலேயே கருகி உதிர்ந்தன. சூன் முதல் வாரக் கூடையில் ஒரு பிடி வெண்டைக்காயும், ஒரு கட்டுத் தண்டுக்கீரையும், கோணலாய் ஒரு பாகற்காயும் இருந்தன. அவ்வளவே.

அந்த ஞாயிறு மாலை உறுப்பினர்கள் வேப்பமரத்தடியில் கூடினோம். இன்னும் நான்கு வாரங்கள் இருந்தன. காய் இல்லாத வாரங்களுக்கு நாம் ஏன் பணம் கொடுத்திருக்க வேண்டும், மீதியைத் திருப்பித் தருவதே நேர்மை என்று சிலர் பேசினர். வாரத்துக்கு 150 வீதம் பங்குக்கு 600 ரூபாய். நானும் அதை ஆதரித்தேன். வெறுமனே ஆதரிக்கவில்லை. வாங்கியவன் பொருளைக் கொடுக்காவிட்டால் விலையைத் திருப்ப வேண்டும் என்பது எங்கும் உள்ள வழக்கம் என்று என் உடைந்த இந்தியில் வாதாடவும் செய்தேன். சாச்சா மறுமொழி கூறவில்லை. உள்ளே சென்று ஒரு குறிப்பேட்டைக் கொணர்ந்து எங்கள் நடுவே வைத்தார். பின்பு, வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம் என்றார். 30 பேரில் 12 பேர் பெற்றுக்கொண்டோம். குறிப்பேட்டை நான் புரட்டினேன், ஆனால் கூட்டிப் பார்க்கவில்லை.

அன்றிரவு மின்சாரம் இல்லை. மாடியில் படுத்திருந்தபோது அந்த எண்கள் தாமே வந்து நின்றன. 30 பங்குக்கு வரவு 72,000 ரூபாய். குத்தகை, தொழு எரு, விதை, பந்தலுக்கு மூங்கிலும் கம்பியும், நீர் இறைக்கும் செலவு எல்லாமாக 51,000. மீதி 21,000. அதுதான் இருவர் நான்கு மாதம் உழைத்ததற்குக் கூலி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 90 ரூபாய்கூட இல்லை. அதிலிருந்து நாங்கள் 12 பேர் 7,200 ரூபாயை எடுத்து வந்திருக்கிறோம். இப்போது அது 58 ரூபாயாயிற்று. எல்லாரும் கேட்டிருந்தால் 18,000 போய், அந்த நான்கு மாதத்துக்கு இருவருக்குமாக 3,000 ரூபாய் எஞ்சியிருக்கும்.

மறுநாள் விடியலில் மிதிவண்டியில் சென்று அந்த 600 ரூபாயைச் சாச்சியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “கணக்கு முடிந்துவிட்டது பிட்டியா, அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னார். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

நான் செய்த பிழை யாது என்று பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கடைக்காரனிடம் வாங்கும் மனத்தோடு பங்குக்குச் சென்றேன். அங்காடியில் காய் இல்லையென்றால் காசு கொடாமல் திரும்பலாம். அங்கே எனக்கும் விற்பவனுக்கும் அந்த நேரத்துத் தொடர்புதான். பங்கு அத்தகையதன்று. தமிழில் பங்காளி என்றதும் நமக்கு வரப்புத் தகராறு நினைவுக்கு வருகிறது. ஆயினும் ஊரில் ஒரு வீட்டில் துன்பம் நேர்ந்தால் தீட்டுக் காப்பவனும் பங்காளிதானே? விருந்துக்கு வராவிட்டாலும் பொறுப்பார்கள். துன்பத்துக்கு வராத பங்காளியை ஊர் பங்காளியாக எண்ணுவதில்லை. ஏப்ரல் மாதத்துப் பத்துக் கிலோக் கூடைக்கு வந்து, சூன் மாதத்து ஒரு பிடி வெண்டைக்கு விலகியவள் நான்.

“உழவனின் நட்டத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நேர்மையான வினா. நான் கேட்கும் எதிர்வினா இது: அந்த வெப்ப அலை அவருடைய குற்றமா? அவர் சோம்பியிருந்து பயிர் பாழாயிற்றென்றால் நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வானத்தால் வந்த நட்டத்தை யாரேனும் ஒருவர் தாங்கித்தான் ஆக வேண்டும். இருவர் தாங்கினால் அவர்கள் நிலத்தைவிட்டுக் கூலிக்குப் போவார்கள். முப்பது குடும்பங்கள் பகிர்ந்தால் குடும்பத்துக்கு 600 ரூபாய். நால்வர் சேர்ந்த எங்கள் அறையில் அது ஆளுக்கு 150. மாதத்தில் இரண்டு முறை திரைப்படம் செல்பவர்கள் நாங்கள். அந்தச் சுமை எங்களை முறித்திராது.

இது ஒருதலை நியாயமாகவும் இருத்தலாகாது. உழவருக்கும் கடமை உண்டு. கணக்கேட்டை மாதம் ஒரு முறை எல்லாருக்கும் காட்ட வேண்டும். ஒரே பயிரை நம்பாமல், ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்கும்படி பலவகை போட வேண்டும். பயிர் கெட்டால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். 2025இல் இம்மூன்றையும் உறுப்பினர்கள் எழுதிக் கேட்டோம். சாச்சா ஏற்றார். பணம் திருப்புவதில்லை என்ற நான்காம் விதியை நாங்கள் ஏற்றோம். நான்காம் விதியை முன்மொழிந்தவள் நானே.

2025இல் நான் மாலை வேளைகளில் தோட்டத்தில் வேலையும் செய்தேன். சுரைப்பூ அந்தியில் மலர்கிறது. வெள்ளை வெளேரென்ற பூ. இரவில் வரும் அந்துப்பூச்சிகளை அழைக்கும் பூ அது. பூச்சி வராவிட்டால் நாமே மகரந்தம் சேர்க்கலாம். மெல்லிய காம்புடைய ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை மடக்கி, அடியில் சின்னஞ்சிறு சுரைக்காய் போன்ற சூலகம் தாங்கிய பெண் பூவில் மெல்ல ஒற்ற வேண்டும். ஓர் அந்தியில் நாற்பது பூக்கள் வரை ஒற்றியிருக்கிறேன். கொடியடியில் வைக்கோல் பரப்பி ஈரம் காத்தோம். அவ்வாண்டு வெயில் 2024ஐப் போல் கொடியதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே சூன் மாதக் கூடைகள் நிறைந்ததற்கு எங்கள் உழைப்பே காரணம் என்று பெருமை பேச மாட்டேன். ஆனால் நான் ஒற்றிய பூவிலிருந்து வந்த காயைக் கூட்டு வைத்து உண்டபோது, அப்பத்தாவின் கொட்டகைக் கூரையை ஏன் அண்ணாந்து பார்க்கவில்லை என்று வருந்தினேன்.

வேறு தடைகளையும் பார்ப்போம். மே மாதத்தில் பலர் ஊருக்குப் போய்விடுகிறோமே என்பது முதல் தடை. அது உண்மை. ஊர் செல்பவர்களின் கூடைகளை இங்கேயே தங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் எடுத்துக்கொண்டு, அவ்வாரங்களுக்குரிய தொகையை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம். தோட்டத்துக்கு அதனால் குறைவில்லை. தள்ளுவண்டியில் இதைவிட மலிவு என்பது இரண்டாவது. சில வாரங்களில் அது மெய்யே. மலிவை மட்டும் நாடுவோர் வண்டிக்காரரிடம் வாங்கட்டும். அவரும் உழைப்பாளிதான். உதவித்தொகை வரத் தாமதமாகும் மாணவர்கள் முன்பணத்துக்கு எங்கே போவது என்பது மூன்றாவது. அவர்கள் கடன் வாங்க வேண்டா. வாரம் இரு காலை தோட்டத்தில் உழைத்தால் கால் பங்கு தருவதாகச் சாச்சா ஒப்பியிருக்கிறார்.

நான்காவது தடையைச் சொன்னவர் நம் மன்றத்து மூத்த அண்ணன் ஒருவர். “மன்றம் மொழிக்கும் இலக்கியத்துக்கும் உரியது, தோட்டத்துக்கு அன்று” என்றார். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் ஆண்டுதோறும் தைத்திங்களில் நாம் இங்கே பொங்கல் விழா எடுக்கிறோம். கரும்பு விலைக்கு வாங்கி நட்டு, கோலமிட்டு, உழவர் பெருமையைப் பற்றி ஒருவர் பின் ஒருவராகப் பேசுகிறோம். நானும் பேசிக் கைதட்டல் பெற்றிருக்கிறேன். அந்தக் கைதட்டலைக் கேட்க ஓர் உழவரேனும் அங்கே இருந்ததில்லை. எட்டுக் கிலோமீட்டரில் ஒரு குடும்பம் இந்த மாசியில் நிலத்தை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று தவித்துக்கொண்டிருக்கும்போது, தையில் மட்டும் உழவரைப் போற்றுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் தமிழர் அல்லரே என்றால், நாம் உண்ணும் சோறும் காயும் இம்மண்ணினுடையதுதானே?

நிலைமை இதுதான். சென்ற ஆண்டு உறுப்பினர் 24. இவ்வாண்டு இதுவரை சேர்ந்தவர்கள் 17. சிலர் ஊர் மாறிவிட்டனர், சிலர் 2024ஐ மறக்கவில்லை. 22 பங்காவது சேர்ந்தால்தான் குத்தகைப் பணம் கட்டிப் பந்தல் போட இயலும். பங்கு இப்போது 2,720 ரூபாய். வாரத்துக்கு 170. நால்வர் சேர்ந்தால் ஆளுக்கு 680. இருபது பேர் முன்வந்தால் அந்த ஐந்து பங்கும் நிறைந்துவிடும். மன்றப் பணத்தில் ஒரு காசும் நான் கேட்கவில்லை. மன்றத்தின் பெயரால் இருபது பேரை ஒன்றுசேர்த்துத் தருமாறு மட்டுமே கேட்கிறேன்.

சேர்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சுரைக்காயையோ வெள்ளரியையோ சமைக்குமுன் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுவதையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. மற்றொன்று, இவ்வாண்டும் வெயில் கொளுத்தலாம். சூன் மாதக் கூடையில் ஒரு பிடி வெண்டைதான் இருக்கலாம். அதை ஒப்புக்கொண்டு வருபவர்கள் மட்டும் வந்தால் போதும்.

மாசி 15ஆம் நாளுக்குள் மன்றச் செயலரிடமோ என்னிடமோ பெயர் கொடுங்கள். நான் முதற்பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன். சாச்சி வாங்க மறுத்த அந்த 600 ரூபாய் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. இவ்வாண்டு என் பங்குக்கு அதையே முதலில் கொடுக்கப் போகிறேன்.